கொய்த மலரும் உயிருள்ளதே
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

மே மாதம் மாதாவின் வணக்க மாதம். அக்டோபர் செபமாலை மாதம். இம்மாதங்களில் நம் இல்லங்களில் மாதா சுரூபத்தின்முன் நாள்தோறும் மலர் வைக்கிறோம். காலையில் வைத்த ரோஜா மாலைச் செபத்திற்குள் தலை சாய்ந்துவிட்டால் மனம் வருந்துகிறது; பணமும் வீணாகிறது. இதைத் தடுக்க வழி உண்டு, தோழியரே!

செடியிலிருந்து கொய்ததும் மலர் இறந்துவிடுவதில்லை. அது சுவாசிக்கிறது; நீரை உறிஞ்சுகிறது. வேர் இல்லாததால், வெட்டிய முனையிலுள்ள சைலம் குழாய்கள் வழியாகவே நீர் மேலேற வேண்டும். இலைகளும் இதழ்களும் நீராவிப்போக்கினால் நீரை இழந்துகொண்டே இருக்கின்றன. ஏறும் நீர் குறைந்தால் மலர் வாடுகிறது. குழாய்களை அடைப்பவை முக்கியமாக இரண்டு: வெட்டியவுடன் உட்புகும் காற்றுக் குமிழிகள், ஜாடி நீரில் பெருகும் பாக்டீரியாக்கள்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. தண்டில் நீர் நிறைந்திருக்கும் அதிகாலையில் மலர் கொய்க. ரோஜாவை இதழ் விரியத் தொடங்கும்போதும், நிலச்சம்பங்கியை அடிப்பூக்கள் இரண்டு மூன்று மலர்ந்ததும் வெட்டலாம்.

2. தண்டின் முனையை நீருக்குள் வைத்தே, கூரிய கத்தியால் சாய்வாக வெட்டுக. காற்று உட்புகாது.

3. நீரில் மூழ்கும் இலைகளை அகற்றுக. அவை அழுகினால் பாக்டீரியா பெருகும்.

4. ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் சர்க்கரையும் சில துளி எலுமிச்சைச் சாறும் கலக்கலாம். சர்க்கரை மலருக்கு உணவு. ஆனால் பாக்டீரியாவுக்கும் அதுவே உணவு. எனவே நாள்தோறும் ஜாடியைக் கழுவி, நீரை மாற்றுக.

5. வெயிலிலும் மின்விசிறிக் காற்றிலும் வைக்காதீர்.

6. பழத்தட்டின் அருகிலும் வைக்கலாகாது. ஆப்பிள் பழங்கள் எத்திலீன் வாயுவை வெளிவிடுவதை 1934-இல் ஆர். கேன் என்னும் அறிஞர் மெய்ப்பித்தார். பழுக்கும் வாழையும் மாம்பழமும் அவ்வாறே செய்கின்றன. இவ்வாயு பல மலர்களை விரைவில் முதுமையடையச் செய்கிறது.

தொடுத்த மல்லிகைச் சரத்திற்கு நீர் உறிஞ்சத் தண்டில்லை. இருக்கும் நீரைக் காப்பதே வழி. அதனால்தான் நம் பாட்டிமார் அதை ஈரத்துணியிலோ வாழையிலையிலோ பொதிந்து வைத்தனர்.

தன் வேரை இழந்த பின்னும் மலர் நமக்காக மணம் வீசுகிறது. அதற்கு நாம் செய்யும் கைம்மாறு, நாள்தோறும் ஒரு ஜாடி தூய நீர். இச்சிறு பணியை மறவாமல் செய்வோமாக!