தலைவலிக்கும் வயிற்றுக்கும்: எந்த வைத்தியத்தை நாடுவது?

இரவெல்லாம் கடலில் வலையோடு கிடந்து, வெறும் வயிற்றில் தேநீரை மட்டும் ஊற்றிக்கொண்டு, வெயில் ஏறிய பின் கரை சேரும் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்து மீனவர் ஒருவருக்கு நெற்றிப்பொட்டு தெறித்துக் குமட்டி, வாந்தியெடுத்த பிறகே வலி சற்றுத் தணியுமானால், ‘பித்தம் தலைக்கேறிவிட்டது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைப் பாமர வழக்கென்று தள்ளிவிடலாகாது. வாதம், பித்தம், ஐயம் ஆகியவற்றின் நிலைபிறழ்ச்சியில் நோயின் மூலத்தைக் காணும் சித்த வைத்தியம், வயிற்றுக்கும் சிரசுக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தைச் சாஸ்திரமாகவே வகுத்திருக்கிறது. நவீன வைத்தியமோ இதனை மைக்ரேன் என்று கொண்டு மூலத்தை மூளையிலும் நரம்பிலும் தேடினாலும், வலி எழும்போது இரைப்பை மந்தப்பட்டு, விழுங்கிய மாத்திரை குடலை அடையத் தாமதமாகலாம் என்பதை அறிந்து, வாந்தியை அடக்கும் மருந்தையும் பலருக்கு உடன் கொடுக்கிறது.

ஆகவே, எது மெய் என்ற விவாதத்தைவிட, வலியின் சுபாவத்தைப் பார்த்து வழியைத் தேர்வதே விவேகம். நெடுநாள் பழகிய, மலச்சிக்கலோடும் அஜீரணத்தோடும் வந்துபோகும் லேசான வலியானால், வேளைக்கு உணவு, போதிய தண்ணீர், சுக்குக் கஷாயம் என்று தொடங்கலாம். தீராவிடில் சென்னை அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையில் நாடி பார்த்துச் சூரணம் பெறலாம். பெயர்ச்சீட்டில்லாத பொட்டலத்தை நம்புவது மட்டும் வேண்டாம். மாதத்தில் பலமுறை வந்து தொழிலை முடக்கும் வலிக்கு ராயபுரத்து ஸ்டான்லி மருத்துவமனையே தகும். வலி வராமல் தடுக்கும் மருந்துகள் நவீன வைத்தியத்தில் உண்டு.

மூன்றாவதாக, மருந்துக்கடையில் பெயர் சொல்லி மாத்திரை வாங்கும் வழி ஒன்றிருக்கிறதே, அதுதான் என் அபிப்பிராயத்தில் மிக மோசமானது. வலி நிவாரணிகளில் பல, வெறும் வயிற்றில் இரைப்பையைப் புண்ணாக்கும். அன்றியும், சாதாரண மாத்திரையையே மாதத்தில் 15 நாளுக்கு மேல் மாதக்கணக்கில் தின்றால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கிவிடக்கூடும்.

இனி, இரு வைத்தியத்துக்கும் முன்னே கவனிக்கவேண்டியவை இரண்டு. ஐஸ் படாமல் வெயிலில் கிடந்த சூரை, கானாங்கெளுத்தி முதலிய மீன்களில் ஹிஸ்டமின் என்னும் நச்சு பெருகும். கொதிக்கக் கொதிக்கச் சமைத்தாலும் அது அழியாது. தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, வயிறு போகுமானால் பித்தத்தின்மேல் பழிபோட வேண்டியதில்லை. மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மற்றொன்று காற்று. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததை எண்ணூர் மறந்திராது; நெடியோடு வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே சமயத்தில் தலையிடியும் குமட்டலும் வந்தால், கஷாயமா மாத்திரையா என்று யோசியாமல், அவ்விடத்தைவிட்டு வெளியேறுவதே முதற்காரியம்.

திடீரென மண்டை பிளப்பதுபோன்ற வலி, காய்ச்சலோடு கழுத்து இறுகுதல், கைகால் மரத்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், 50 வயதுக்குமேல் புதிதாய்த் தோன்றும் தலைவலி ஆகியவற்றில் கைவைத்தியத்துக்கு இடமே இல்லை. இறுதியாக, அரும்பாக்கத்துச் சூரணத்தையும் ஸ்டான்லி மாத்திரையையும் ஒருங்கே உட்கொள்பவர், அதை இரண்டு இடத்திலும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.