கருவிழி ஓரத்தில் வெள்ளை வளையமா?



"ஆயா கண்ணுல வெள்ளையா வளையம் கட்டியிருக்கு, புரை வந்திருச்சு போல" என்று ஊரில் பேசிக்கொள்கிறோம். அது புரைதானா? தெரிந்துகொள்வோம்.

நம் கருவிழிக்கு முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. டாக்டர்கள் 'கார்னியா' என்பார்கள். நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டர்தான். அதில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் அத்தனை தெளிவு.

வயசானால் இதில் என்ன மாறுகிறது?

1. ஓரத்தில் கொழுப்பு படிந்து வெள்ளை வளையம் தெரியும். இது புரை அல்ல. பார்வையையும் மறைக்காது. புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவது. ஆனால் 40 வயசுக்குள்ளேயே வளையம் தெரிந்தால் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்று பரிசோதிக்க வேண்டும்.

2. படலத்தின் உள்பக்கத்துச் செல்கள், மோட்டார் தண்ணீர் இறைப்பது போல நீரை வெளியேற்றிப் படலத்தைத் தெளிவாக வைக்கின்றன. வயசாக ஆக இவை குறையும், மறுபடி முளைக்காது. மிச்சமிருப்பவை பெரும்பாலும் ஆயுசு முழுக்கத் தாங்கும்.

3. கண்ணீர் குறையும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது அதிகம். கண் உறுத்தும், எரியும். விறகடுப்புப் புகை இன்னும் மோசமாக்கும்.

4. படலத்தின் உணர்ச்சி குறையும். சின்னப் பிள்ளை தூசி விழுந்தால் துடித்துவிடும். பெரியவர்களுக்கு அவ்வளவு தெரியாது. ஆபத்து இங்கேதான்!

நெல் அடிக்கும்போதோ கரும்புச் சோகை உரிக்கும்போதோ கண்ணில் கீறல் படும். "லேசாத்தான் உறுத்துது, தானா சரியாயிரும்" என்று விட்டுவிடுகிறோம். கீறல் வழியாகக் கிருமியோ பூஞ்சையோ புகுந்தால் புண்ணாகும். புண் ஆறினாலும் தழும்பு நின்று பார்வையை மறைக்கும்.

நேபாளத்தில் பக்தபூர் பகுதியில் நடந்த ஆய்வு 2001-ல் வெளியானது. கீறல் பட்டு 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் கழித்து வந்தவர்களிலோ நாலில் ஒருவருக்கு மேல் புண் வந்துவிட்டது.

செய்ய வேண்டியது:
* கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள்.
* அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

செய்யக் கூடாதது:
* தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு ஊற்றாதீர்கள். நாக்கால் தூசி எடுக்காதீர்கள்.
* மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். சில மருந்துகள் பூஞ்சைப் புண்ணை வளர்த்துவிடும்.

"வயசாயிருச்சு, இனி கண்ணு எதுக்கு?" என்று எந்தப் பாட்டியும் சொல்ல விடாதீர்கள். உறுத்தல் இருக்கிறதா என்று கேட்பதோடு கண் சிவந்திருக்கிறதா, நீர் வடிகிறதா என்றும் பாருங்கள். வலி சொல்லாததைச் சிவப்பு சொல்லும்.

குழுக் கூட்டத்தில் பேச: நம் குழுவில் 50 வயசு தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் யார் யார் கண் பரிசோதனை செய்திருக்கிறோம்?