பரணுக்கு எந்தப் பலகை?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டி, சென்னை வியாசர்பாடி பக்கம் கீழ்வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, ரேஷன் கார்டும் அரிசி மூட்டையும் பிள்ளைகளின் பாடப்புத்தகமும் ஏறிய இடம் பரண்தான். எம்.கே.பி. நகர்க்காரர்களுக்குப் பரணின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குப் பலகை வாங்கும்போதுதான் கோட்டை விடுகிறார்கள். எதிர்வீட்டில் போட்டிருக்கிறது, மச்சான் சொன்னார், வீடியோவில் பளபளத்தது என்று முடிவாகிவிடுகிறது.

கான்கிரீட் பரண் இருந்தால் கதவு மட்டும் போதும். கடப்பா கல்லைக் கரையான் தொடாது. கனத்தைச் சுவர் தாங்குமா என்று கொத்தனார்தான் சொல்ல வேண்டும். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ரகம். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்கான சோதனை.

மோகமெல்லாம் 'மாடுலர்' பலகை மேல். பெரும்பாலும் உள்ளே இருப்பது எம்.டி.எஃப். அல்லது பார்ட்டிகிள் போர்டு: மரநாரையும் மரத்தூளையும் பசையில் குழைத்து அழுத்தியது. ஏ.சி. ஓடும் ஷோரூமில் அது ராஜா. கடற்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்த வீட்டில் முதலில் வெட்டுமுனை உப்பும், பிறகு லேமினேட் உதட்டைப் பிதுக்கும். ஒருமுறை உப்பியது காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கீல் ஸ்க்ரூவைக் கழற்றினால் துளையிலிருந்து தூள் கொட்டும்; அதே துளையில் மறுபடி ஸ்க்ரூ பிடிக்காது. நடுவே தாங்கல் இல்லாமல் பித்தளை அண்டாவை ஏற்றினால் பலகை தொட்டில் கட்டும். விலை குறைவு என்பார்கள். மாற்றும் செலவையும் சேர்த்தல்லவா பார்க்க வேண்டும்?

துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிற ஊருக்குப் பழைய சரக்குப் பெட்டியின் பைன் பலகை ஏன் இளக்காரமோ தெரியவில்லை. லேசானது, ஆணி பிடிக்கும், ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். கோதுமைக்கதிர் முத்திரைக்குப் பக்கத்தில் 'எச்.டி.' இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்: மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது. 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். எச்.டி. பலகையையும் பிற்பாடு கரையான் விடாது, அதனால் மருந்து பூசியே ஏற்ற வேண்டும்.

வருடத்துக்கொரு முறை கொலுப் பொம்மை இறக்கும் வீட்டுக்கும், வாரந்தோறும் தேக்சா இறக்கும் பிரியாணி மாஸ்டர் வீட்டுக்கும் ஒரே பரண் பொருந்தாது. தன் வீட்டுப் புழக்கம் தெரிந்தவர் அவசரப்பட மாட்டார். ஒரு மழைக்காலம் பொறுத்து, எந்தச் சுவர் ஓதம் காக்கிறது, கான்கிரீட் பரண் என்றால் அதன் அடியில் துருக்கறை இறங்குகிறதா என்று பார்ப்பார். கறை இருந்தால் உள்ளே கம்பி அரிக்கிறது. ஆசாரிக்கு முன்னால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.