சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் சத்தம்



லயத்துச் சுவர் மெல்லிசு. பக்கத்துக் காம்பிராவில் பிள்ளை இருமினாலும் நமக்குக் கேட்கும். ஆனால் சம்பள நாள் ராத்திரியில் அங்கே ஒரு பெண் அடிவாங்கி அலறினால் மட்டும் கேட்காதது மாதிரி இருந்துவிடுகிறோம். "அது புருஷன் பெண்சாதி விஷயம், நமக்கென்ன?" என்கிறோம். மறுநாள் அவள் வீங்கிய முகத்தோடு பிரட்டுக்கு வந்து, "கானுக்குள்ள விழுந்திட்டேன்" என்கிறாள். நாமும் தலையாட்டுகிறோம்.

இது தோட்டத்தில் மட்டுமா?

இல்லை. 2019 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. குடும்பம் நடத்திய பெண்களில் ஐந்தில் ஒருவர், கணவனிடமோ துணைவனிடமோ அடியையோ பாலியல் வன்முறையையோ வாழ்நாளில் அனுபவித்திருந்தார்.

சாராயம்தான் காரணமா?

குடி சண்டையைப் பெருக்கும். ஆனால் குடித்தவர் துரையை அடிப்பதில்லை, கணக்கப்பிள்ளையை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கை நீளுகிறது. யாரை அடித்தால் கேட்க ஆளில்லை என்று அவருக்குத் தெரியும். ஆகவே, கேட்க நாம் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நமக்கும் உரியது. அடிப்பது மட்டுமல்ல, கொல்லுவேன் என்று மிரட்டுவது, மிரட்டிப் பணம் பறிப்பது, தொடர்ந்து கடுமையாக இழிவுபடுத்துவது ஆகியவையும் இதில் அடங்கும்.

பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிஸாரும் கேட்கலாம். அவசரமென்றால் நீதவான் உடனே இடைக்காலக் கட்டளை கொடுத்து, 14 நாட்களுக்குள் விசாரணை வைப்பார். பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். மீறினால் அபராதமோ ஒரு வருடம் வரை சிறையோ கிடைக்கலாம்.

"கோர்ட்டுக்குப் போனா குடும்பம் பிரிஞ்சிடுமே, காம்பிராவும் போயிடுமே" என்று பல பெண்கள் பயப்படுகிறார்கள். இந்தக் கட்டளை விவாகரத்து அல்ல. பெண் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்பதும் இல்லை. தேவைப்பட்டால், சேர்ந்து வாழும் வீட்டுக்குள் அடித்தவர் வரக்கூடாது என்று நீதவான் தடை போடலாம். இருவரையும் ஆலோசனைக்கு அனுப்பவும் முடியும்.

நாம் என்ன செய்யலாம்?

சத்தம் கேட்டால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கதவைத் தட்டுங்கள். ஆபத்தென்றால் 119 க்குச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. காயத்தை டாக்டரிடம் காட்டி, நடந்ததை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே 'மித்துரு பியச' நிலையம் இருக்கிறது. வக்கீலுக்குக் காசில்லாதவர்கள் கண்டியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தை நாடலாம். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இவற்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பதும் நல்லது.

"கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் ஏற்கெனவே பொறுத்தவள்.

கூடிப் பேசுவோம்

1. நம் லயத்தில் ராத்திரி சத்தம் கேட்டால் முதலில் கதவைத் தட்டப் போவது யார்?
2. அடிப்பதைப் பார்த்து வளரும் பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது?
3. கோபம் வரும்போது ஆண்கள் கை நீட்டாமல் வேறு என்ன செய்யலாம்?