வணிகர் இணையத்தளமும் பன்மொழிப் பெயர்ப்பும்

கொழும்பு நூதனசாலைக்குச் சென்ற எம் மாணவர் பலர் அங்குள்ள மும்மொழிக் கல்வெட்டைக் கண்டிருப்பர். 1911 ஆம் ஆண்டு காலி நகரிற் கண்டெடுக்கப்பட்ட அக்கல்லில், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ என்பாரின் காணிக்கைச் செய்தி 1409 ஆம் ஆண்டுக் குறிப்போடு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிற் பொறிக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தபிரானுக்கு அளித்த காணிக்கையைக் கூறுகின்றது. தமிழ்ப் பகுதியோ தேவேந்திரமுனையிற் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாராகிய திருமாலைப் போற்றுகின்றது. பெரிதும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாமிய நெறியை ஒட்டியது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைப் பொருள்கள் மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தெழுதிய கல் அன்று இது. துறைமுகத்திற் கூடுவோர் எம்மொழியினர், அவர் எதனை மதிப்பர் என்பதை அறிந்து, அவரவர்க்கு ஏற்றவாறு எழுதப்பெற்றது. இக்காலத்து வணிகர்க்கு இணையமும் ஒரு துறைமுகமே. அங்கே கடை விரித்தோர் தம் தளத்தைப் பிற மொழிகளிலும் எழுதுவதால் எய்தும் பயன் யாது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். தமிழாசிரியர்க்கு வணிகத்தில் என்ன வேலை என்று பழைய மாணவருட் சிலர் நகைக்கக்கூடும். மொழிபெயர்ப்பு எம் பாடத்தில் ஒரு பகுதி என்பதை அவர்க்கு நினைவூட்டுகின்றோம்.

எம்மிடம் பயின்ற ஒருவர் பனங்கட்டி, பனாட்டு, புழுக்கொடியல், ஒடியல் மா முதலியவற்றை வீட்டளவிற் செய்து விற்று வருகின்றார். அவர் அமைத்த தளம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. காரணம் வினவியபோது, “ஆங்கிலம் எல்லாருக்கும் விளங்கும்தானே, சேர்” என்றார். வாங்குவோர் யாவர் என்று மீட்டும் வினவினோம். கண்டியிலும் குருநாகலிலும் உள்ள சிங்களக் குடும்பத்தினர், வெள்ளவத்தையிலுள்ள முதியோர், பரிஸ், சூரிச் நகரங்களில் வாழும் எம்மவர் என ஒவ்வொருவராக எண்ணிச் சொன்னார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரேனும் அப்பட்டியலில் இல்லை.

முதலாவது பயன், தேடுவோர் கண்ணிற் படுதல். கண்டியிலுள்ள ஒருவர் பனங்கட்டி வாங்க விரும்பின் “தல் ஹக்குரு” என்று சிங்கள எழுத்திலே தேடுவார். தேடுபொறி பக்கத்தில் உள்ள சொற்களைக் கொண்டே பெரும்பாலும் பக்கத்தை அறிகின்றது. அச்சொல் அவ்வெழுத்தில் இல்லாத தளம் அவர்க்கு இல்லாத கடையேயாம். இதனை எம்மவர் முன்னரே பட்டறிந்துள்ளனர். பாமினி எழுத்துருவில் எழுதப்பட்ட பழைய தமிழ்ப் பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றினும் கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் கோவையாகவே இருந்தன. ஆதலால், தமிழிற் தேடியவர்க்கு அவை அகப்படவில்லை. யுனிகோட் முறை பரவிய பின்னரே அக்குறை நீங்கிற்று. ஒவ்வொரு மொழிப் பக்கத்துக்கும் தனி முகவரி வேண்டும் என்பதும், இப்பக்கத்தின் பிறமொழி வடிவம் இன்னது என்று தேடுபொறிக்கு உணர்த்தும் குறியீட்டைப் பக்கத்தின் உள்ளே அமைத்தல் வேண்டும் என்பதும் தொழில்நுட்பம் அறிந்தோர் கூறும் விதிகள்.

இரண்டாவது, நம்பிக்கை. பொருளைக் கையில் எடுத்துப் பாராமற் பணம் செலுத்துபவன் சொல்லையே நம்புகின்றான். அச்சொல் அரைகுறையாய் விளங்கினால் அவன் கை பின்வாங்கும். சி.எஸ்.ஏ. றிசேர்ச் என்னும் நிறுவனம் 29 நாடுகளில் 8,709 பேரை வினவி 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தம் மொழியில் விவரம் உள்ள பொருளை வாங்குவதையே விரும்புவோர் நூற்றுக்கு 76 பேர் என்றும், பிறமொழித் தளங்களில் ஒருபோதும் வாங்காதோர் நூற்றுக்கு 40 பேர் என்றும் கண்டுள்ளது. மொழிபெயர்ப்புத் தொழிலை ஆராயும் நிறுவனம் ஆதலால் அதன் கணக்கைச் சற்றுக் குறைத்தே கொள்ளலாம். அங்ஙனம் குறைத்தாலும் எஞ்சுவது சிறிதன்று. இந்தியாவில் பிளிப்கார்ட்டும் அமேசனும் 2020 ஆம் ஆண்டிலே தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளிற் கடை திறந்தமை தமிழ்ப்பற்றினால் அன்று. ஆங்கிலம் அறியாதார் கையிலும் காசு உண்டு என்று கண்டமையாலே.

பிணக்குக் குறைதலும் ஒரு பயன். எடை, விலை, திருப்பி அனுப்பும் முறை ஆகியன தெளிவாக விளங்கின் பின்னர்ச் சச்சரவு எழாது.

இனி, பெயர்ப்பு எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பதைச் சற்று விரித்துரைப்போம், இங்கேதான் பலரும் வழுக்கி விழுகின்றனர் ஆதலின். எம் மாணவர் யாம் சொன்னதைக் கேட்டு ஆர்வமுற்று, ஒரே இரவில் தளம் முழுவதையும் இயந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கிக் கொண்டு வந்தார். முகப்புப் பக்கம் “வீடு” ஆகியிருந்தது. அனுப்புக் கூலி இல்லை என்ற செய்தி “இலவசக் கப்பல்” எனத் திரிந்திருந்தது. பனங்கட்டி வாங்குவோர்க்குக் கப்பலும் கொடுப்பதாயின் யாமே முதலில் வாங்குவோம் என்றோம்! கூகிள் மொழிபெயர்ப்பிற் தமிழ் 2011 இலும் சிங்களம் 2014 இலும் இடம்பெற்றன. அன்றிருந்த நிலைக்கு இன்று அத்தகைய கருவிகள் பெரிதும் திருந்தியுள்ளன. முதல் வரைவுக்கு அவற்றைக் கொள்வதில் இழுக்கில்லை. ஆயினும், அம்மொழியைப் பிறப்பால் அறிந்த ஒருவர் பாராது வெளியிடல் ஆகாது.

சொற்களோடு இப்பணி முடிவதும் இல்லை. 1.500 கிலோ என எழுதின் எமக்கு அது ஒன்றரைக் கிலோ. ஜேர்மனியருக்கோ ஆயிரத்தைந்நூறு கிலோ. 4/3 என்னும் நாள் எமக்கு மார்ச் 4. அமெரிக்கருக்கு ஏப்ரில் 3. மொழியைத் தெரிவு செய்யுமிடத்தில் நாட்டுக் கொடியை இடுவதும் பிழை. சுவிற்சர்லாந்தின் தேசிய மொழிகள் நான்கு. அக்கொடி எம்மொழியைக் குறிக்கும்? எம் நாட்டுக் கொடியை இட்டாலும் அவ்விடரே நேரும். மொழியின் பெயரை அம்மொழி எழுத்திலே எழுதுவதே நேரிது. இன்னொன்று, பிரெஞ்சில் எழுதினால் பிரெஞ்சிலே வினாக்கள் வரும். விடை எழுத ஆள் இல்லாதவர் அம்மொழியை ஒத்திவைத்தல் நன்று. விலை மாறும்போது ஒரு மொழியில் மட்டும் திருத்திவிட்டு ஏனையவற்றை மறப்பது, பெயர்க்காமல் விடுவதினும் கேடு பயப்பதாகும்.

ஈண்டு எம் மனத்திற் கிடக்கும் ஒன்றைச் சொல்லாது விடுதற்கில்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி ஆயிற்று. அதன் பின்னரும் பெயர்ப்பலகைகளிற் தமிழ் சிதைந்து கிடப்பதைக் கண்டு யாம் நொந்துகொள்கின்றோம். நோவது முறையே. ஆனால், எம்மவர் நடத்தும் தளங்களில் எத்தனை சிங்களத்திலும் எழுதப்பட்டுள்ளன? எழுதியவற்றை அம்மொழியறிந்தார் ஒருவரிடம் காட்டித் திருத்தியவர் எத்தனை பேர்? பிறர் எம் மொழியைச் சிதைத்தால் எமக்கு உண்டாகும் கசப்பு, யாம் அவர் மொழியைச் சிதைக்கும்போது அவர்க்கும் உண்டாகும் அன்றோ? இவ்வினாவை உயர்தர வகுப்பில் எழுப்பியபோது சிறிது நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் மாணவர் இருவர், தாம் இரண்டாம் மொழியாகக் கற்ற சிங்களத்தில் அத்தளத்தை எழுத முன்வந்தனர். சிங்களம் கற்பிக்கும் ஆசிரியர் பிழை திருத்த இசைந்தார்.

ஒடியல் மா என்ற இடத்தில் அவர்கள் இடர்ப்பட்டனர். கிழங்கு மா என எழுதினால் மரவள்ளி மா என்று மயங்குவர். பனம் மா என்றாலும் பொருள் தெளியவில்லை. இரண்டு நாள் வாதிட்ட பின், ஒடியல் என்னும் சொல்லை அப்படியே சிங்கள எழுத்தில் எழுதி, பனங்கிழங்கை அவிக்காது கிழித்து வெயிலில் உலர்த்தி இடித்த மா இது என்று கீழே ஒரு வரி சேர்த்தனர். அதன் கீழே மீனும் நண்டும் இறாலும் இட்டுக் கூழ் காய்ச்சும் முறையையும் எழுதினர். இப்பொழுது பிரெஞ்சுப் பக்கத்துக்காக, பரிசில் வாழும் பழைய மாணவர் எவரேனும் முன்வருவாரா என்று அம்மாணவர் எம்மை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.