கார் பேட்டரி மாத்தப் போறீங்களா? பிராண்டுக்கு முன்னால் தேதியும் பில்லும் பாருங்க!

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்... டிக்...’ சத்தம் மட்டும் வருகிறதா? உடனே “பேட்டரி போச்சு” என்று முடிவு கட்ட வேண்டாம். காரில் இருக்கும் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி நம்ம ஊர் வெயிலிலும் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். அதற்கு முன்பே மக்கர் செய்தால், கோளாறு வேறு இடத்திலும் இருக்கலாம்.

முதலில் சோதனை

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, கிளாம்ப் லூசாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ் இருக்கிறது. 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வரும். அது வராவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால், அதுவும் சீக்கிரமே படுத்துவிடும்.

அளவு சரிதானா?

பழைய பேட்டரியில் உள்ள எண்ணை கார் மேனுவலோடு ஒப்பிடுங்கள். உதாரணமாக, 38பி20எல் என்று இருந்தால், கடைசி எழுத்து டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. ‘எல்’லுக்குப் பதில் ‘ஆர்’ வாங்கினால் கேபிள் எட்டாமல் போகலாம். சிக்னலில் தானாக இன்ஜின் அணையும் கார் என்றால் இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகைதான் தேவை. விலை குறைவு என்று சாதாரண பேட்டரி போடாதீங்க.

தயாரிப்பு தேதி

பேட்டரி கடையில் சும்மா இருந்தாலும் சார்ஜ் மெல்ல இறங்கும். நீண்ட நாள் அப்படியே கிடந்தால் ஆயுளும் குறையும். தயாரித்து 3 மாதத்துக்குள் இருந்தால் நல்லது. 6 மாதம் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். தேதி குறியீடாக இருந்தால் கடைக்காரரிடமே விளக்கம் கேளுங்கள்.

வாரண்டி கணக்கு

“48 மாதம் வாரண்டி” என்றால் 48 மாதமும் இலவசமாக மாற்றித் தருவார்கள் என்று அர்த்தம் இல்லை. கார்டில் 24+24 என்று இருந்தால், முதல் 24 மாதம்தான் இலவசம். அடுத்த 24 மாதம் தள்ளுபடி மட்டுமே. அந்தத் தள்ளுபடியும் பெரும்பாலும் எம்.ஆர்.பி. மீதுதான் கணக்கிடப்படும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்: எம்.ஆர்.பி. 6,000 ரூபாய், தள்ளுபடி 30 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 4,200 ரூபாய். அதே பேட்டரி கடையில் 5,000 ரூபாய்க்குக் கிடைத்தால் உண்மையான லாபம் 800 ரூபாய்தான். அதனால் மொத்த மாதத்தைப் பார்க்காமல், இலவச மாதம் எத்தனை என்று பாருங்கள்.

பில் உங்கள் உரிமை

“பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளை வாரண்டி கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தராமல் இருப்பது முறையற்ற வணிக நடைமுறை. எம்.ஆர்.பி.யில் வரியும் அடக்கம் என்பதால், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்கக் கூடாது.

பழைய பேட்டரி

அதில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. குப்பையில் போடாதீர்கள், வீட்டருகே உடைக்கவும் விடாதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி அதைத் தனியாகப் பிரித்து, சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ தர வேண்டும். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

பிரச்சினை வந்தால்

வாரண்டி இருந்தும் கடைக்காரர் இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

கடையை விட்டுக் கிளம்பும் முன் போனில் 4 படம் எடுத்து வையுங்கள்:

1. பேட்டரியின் சீரியல் எண்
2. தயாரிப்பு தேதி
3. முத்திரையிட்ட வாரண்டி கார்டு
4. பில்