வீட்டுத் திரையில் சுருதி ஏறுவது ஏன்?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாங்கிய பழைய படங்களின் வீடியோ நாடாக்களும் வி.சி.டி.களும் நம்மில் பலர் வீட்டில் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் போட்டுவிட்டு ஆர்மோனியத்தில் சுருதி பிடித்துப் பாருங்கள். சில வேளைகளில் எந்தக் கட்டையும் பொருந்தாது. நம் காதிலோ குரலிலோதான் குறை என்று எண்ணிவிடுகிறோம். காரணம் படம் ஓடும் வேகமாகவும் இருக்கலாம்.

திரையரங்கில் படச்சுருள் வினாடிக்கு 24 படங்களாக ஓடும். மலேசியத் தொலைக்காட்சி கைக்கொண்ட பி.ஏ.எல். முறைக்கு 25 படங்கள் வேண்டும். ஆகவே, நாடாவுக்கு மாற்றும்போது படத்தையே சற்று விரைவாக ஓட்டுவது வழக்கம். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழியில் ‘ஃபிரெகுவென்சி’ என்று நான் படித்த அதிர்வெண்ணும் அதே அளவு, அதாவது நூற்றுக்கு நான்கு பங்கு, உயரும். சங்கீதக் கணக்கில் இது அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவு. அதனால்தான் சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கிறது.

இதனால் என்ன கேடு? 1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை எடுத்துக்கொள்வோம். இசை கே.வி.மகாதேவன், நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சகோதரர்கள். நாதஸ்வரத்தில் குட்டையான திமிரிக்குச் சுருதி அதிகம். நீளமான பாரிக்குக் குறைவு. வேகம் ஏறிய பிரதியைக் கேட்டு, வாசித்த கருவியின் சுருதி இன்னது என்று ஆய்வேட்டில் எழுதினால் முடிவு தவறிவிடும்.

சோதிக்கும் வழி எளிது. ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் ஒரே பாடல் காட்சியின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 240 வினாடியும் மற்றதில் 230 வினாடியும் வந்தால் வேகம் மாறியிருக்கிறது. சில நிறுவனங்கள் சுருதியை மட்டும் திருத்திவிடுவதால் அதையும் ஒப்பிடுங்கள். இசைத்தட்டுடன் ஒப்பிடுவது போதாது. தட்டுக்கென்று பாடலைச் சுருக்குவதுண்டு.

பாடல்களாவது இசைத்தட்டில் கிடைக்கும். பழைய படங்களின் பின்னணி இசை பெரும்பாலும் தனியாக வெளிவந்ததில்லை; வசனத்தோடு கலந்து படத்தில் மட்டுமே இருக்கிறது. வீடியோ நாடாக் கருவி தயாரிப்பில் கடைசியாக எஞ்சியிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016இல் அதை நிறுத்திவிட்டது. நாடாக்களும் நாளாக நாளாகப் பழுதடைகின்றன.

ஆகையால் நண்பர்களே, வீட்டிலுள்ள நாடாவைக் குப்பையில் போடுமுன் அதைக் கணினியில் பதிவு செய்யுங்கள். படத்தின் பெயரோடு ஓடும் நேரத்தையும் எழுதி வையுங்கள். பின்னாளில் அந்த இசையை ஆராய வருபவருக்குச் சரியான சுருதியைக் கண்டறிய அந்த ஓர் எண் கைகொடுக்கும்.